மூன்று முறை கேட்டவர்

நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவனுக்குச் சாவே கிடையாது, அவன் கல்லிலே வாழ்வான் என்று புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் தர்மராஜ் மைக்கில் முழங்கினார். அந்த நினைவுக்கல்லை மூடியிருந்தது அவர் மனைவியின் கல்யாணப் பட்டு. கறைபடாமல் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டளையோடு வந்திருந்தது.

கல்லில் இருந்த வாசகம் ஹேமநாதனுக்கு மனப்பாடம். மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்த அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு நின்ற அவருடைய அப்பா அமிர்தலிங்கம், 1951இல், கையில் வெடிகுண்டோடு வந்த துரோகி முருகையாவை ஒரே வேட்டில் வீழ்த்தினார். முருகையா, அப்பாவோடு ஒரே நிரையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவன். கல்லை மூடிய பட்டுத்துணியின் கயிற்றை மகன்தான் இழுக்க வேண்டும். இழுத்தால் முருகையா என்றைக்கும் துரோகி.

"அண்ணே, அப்பா வீரத்தப் பத்தி ரெண்டு வார்த்த பேசிட்டு இழுங்க. சுருக்கா லா, டத்தோ வெயிட் பண்றாரு," என்று தர்மராஜ் முன்வரிசைச் சிறப்பு விருந்தினரைக் காட்டி மைக்கை நீட்டினார்.

ஹேமநாதன் கண்ட வீரம் வேறு. வாசலில் நிழல் அசைந்தால் போதும், அப்பா "யாரு?" என்பார். பதில் வந்தாலும் விடமாட்டார், மூன்று முறை கேட்பார். தபால்காரனை, கோழியை, கட்டின பெண்டாட்டியை. "நான்தான்யா, இத்தன வருஷமா நான்தான்!" என்று அம்மா கத்துவாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். கேள்வி மட்டும் போகவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஹேமநாதனின் முதுகுக்குப் பின்னால் யாரோ கேட்கிறார்கள்.

"மூணு வாட்டி கேட்டுட்டுத்தான் சுடணும்னு சட்டம்," என்றார் ஹேமநாதன் மைக்கில். "எங்கப்பா ஒரு வாட்டிதான் கேட்டாரு. சாகப்போற சமயம் எங்கிட்ட சொன்னாரு."

தட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. தர்மராஜ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, குண்டு! குண்டப் பத்திச் சொல்லுங்க!"

"குண்டு இல்ல தம்பி."

பந்தலுக்குப் பின்னால் செம்பனை மட்டை சரசரத்தது. டத்தோ உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹேமநாதன் கயிற்றைக் கீழே போட்டார்.

"பின்ன அவன் கையில என்னதான்யா இருந்துச்சு?" டத்தோவே கேட்டுவிட்டார்.

ஹேமநாதன் உள்ளதைச் சொன்னார். முருகையா புதருக்குள் ஒதுங்கியிருந்தான். குந்தியிருக்கிறவன், யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது என்பது தோட்டத் தொழிலாளர் லயத்து வழக்கம். அவன் கையில் இருந்தது, கால் கழுவத் தண்ணீர் கொண்டுபோன பழைய பால் டின்.