சக்கர இல்லாம ஒரு டீ

"உண்டுன்னு எழுதாத தாவீது! இல்லன்னு போடு!"

அக்கா சாராள் போட்ட சத்தத்தில் தாவீதின் பேனா நின்றது. மகள் மோனிகா கொண்டுவந்த பள்ளிப் படிவம் அவன் மடியில் கிடந்தது. 'மாணவருக்கு ஏதேனும் நோய் உண்டா?' என்பது கேள்வி.

"ஒம்போது வயசுலேர்ந்து பொண்ணு ஊசி போட்டுக்கினு கீது அண்ணி. டீச்சருங்களுக்குத் தெரியலன்னா, அங்க மயங்கி வுழுந்தா யாரு பாப்பா?" என்றாள் அவன் மனைவி ஹெலன்.

"தெரிஞ்சா என் பொண்ணு ஏஞ்சல யாரு கட்டுவா? அந்த ஸ்கூலு பி.டி. சாரு பீட்டரு, அவளுக்குப் பாத்து வெச்சிக்கீற வேப்பம்பட்டு மாப்ளைக்கு சொந்த சித்தப்பா. தம்பி பொண்ணுக்கே இந்த வயசுல சுகருன்னா, வம்சத்துலயே கீதுன்னு சொல்லிட மாட்டான்? பேஜாரு புடிச்ச குடும்பம்!" கத்தி முடித்த சாராள், "எனக்கு சக்கர இல்லாம ஒரு டீ போடு" என்றாள். அவளுக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை.

பெரியவர்களின் சர்க்கரைக்கு எளாவூரில் தனி மரியாதை. கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்கிவிட்டு, காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சின்னப் பெண்ணுக்கு வந்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடுகிறது. என்ன நியாயமோ, தூ!

தாவீது, கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் கிரேன் வைத்து டன் கணக்கில் கம்பி தூக்குகிறவன். அக்காவின் பேச்சைத் தட்ட அவனால் முடியவில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மோனிகா எப்போதும்போல் பள்ளிக் கழிவறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டாள்.

பள்ளியில் 'ஆரோக்கிய வாழ்வு நாள்' வந்தது. எட்டாம் வகுப்பு முழுக்க மைதானத்தைச் சுற்றி ஓடியது. மூன்றாவது சுற்றில் சர்க்கரை அளவு இறங்கிப்போய் மோனிகாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். பீட்டர் சார் வெடுக்கென்று பிடுங்கினார்.

"இனிப்பு தின்னாதீங்கன்னு காலைலேர்ந்து கத்திக்கினு கீறேன், என் எதிர்லயே தின்றியா? எக்ஸ்ட்ரா ரெண்டு ரவுண்டு ஓடு!"

ஒரு ரவுண்டுகூட முடியவில்லை. சுருண்டு விழுந்தாள். விஷயம் தெரிந்த ஒரே தோழி தமிழ்செல்வி ஓடிவந்து, சாரின் கையிலிருந்த பொட்டலத்தைப் பறித்து, அவள் கன்னத்துக்குள் பொடியைத் தேய்த்தாள். அதனால்தான் பிழைத்தாள்.

மறுநாள் தலைமையாசிரியர் பாக்கியநாதன் அறையில் விசாரணை. தாவீது வேலைக்குப் போய்விட்டான். ஹெலனும் மோனிகாவும் வந்தார்கள். வாயைத் திறக்கவிடாமல் காவல் காக்கச் சாராளும் வந்தாள். பீட்டர் சார் சுவரோரம் நின்றார்.

"ஒரு நோயும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் இனிப்பு தின்னுட்டு மயக்கம்னு நாடகமா? டி.சி. வாங்கிக்கினு போயிடுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"வெயிலுதான் சார், வேற இன்னா?" என்று சாராள் முந்திக்கொண்டாள்.

ஆயா டீ கொண்டுவந்தாள். "எனக்கு சர்க்கரை இல்லாம. சுகர்" என்றார் அவர்.

"எனக்கும் அப்டியே சார். பத்து வருஷமா" என்றாள் சாராள், சிரித்துக்கொண்டே.

சாப்பாட்டு மணி அடித்தது. மோனிகா அம்மாவைப் பார்த்தாள். ஹெலன் தலையசைத்தாள்.

"எனக்கும் சுகருதான் சார். நாலு வருஷமா." பையிலிருந்து ஊசியை எடுத்தாள் மோனிகா. சட்டையைச் சற்றே விலக்கி, எல்லார் கண்ணெதிரிலும் வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி!" என்றாள் சாராள்.

"ஏம்மா, இங்கெல்லாம் போடக்கூடாது. ஜன்னல்ல பசங்க பாக்குதுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"பாக்கட்டும் சார். பாத்தாதான் இனிமே குளுக்கோச யாரும் புடுங்க மாட்டாங்க" என்றாள் மோனிகா.

ஹெலன் மேஜை மேலிருந்த படிவத்தை இழுத்து, 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினாள். பீட்டர் சார் செல்போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். சாராள் பதறிப்போய் அவர் பின்னாலேயே ஓடினாள்.

"சம்மந்தி! நில்லுங்க சம்மந்தி! எங்க வம்சத்துல யாருக்குமே சுகரு கெடையாது. அது அவ அம்மா வழி!"

அவளுடைய சர்க்கரை இல்லாத டீ மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. மோனிகா டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.