கரண்டி எவ்வளவு ஆழம் போனது

1.

இந்தக் கதை பக்கத்து வீட்டு ரோஸ்விதாவின் சமையலறையில் எனக்குக் கிடைத்தது. அவள் கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். நான் உரித்துக்கொண்டே கேட்டேன். எழுதட்டுமா என்றேன்.

"எழுது. ஆனா எங்கப்பாவ நல்லவராக்கிப்புடாத. கெட்டவராவும் ஆக்காத."

அப்புறம் எதைத்தான் எழுதுவதாம்?

முதல் தொடக்கம்: இரண்டாம் உலகப் போரில் இந்த ஜெர்மன் ஊர்க் கார் ஆலை ராணுவ வண்டி செய்தது. அதற்காக உக்ரைனிலிருந்து பெண்பிள்ளைகளை ரயிலில் அள்ளி வந்து, முள்வேலிக்குள் அடைத்து…

(நிறுத்திவிட்டேன். இதில் ரோஸ்விதா எங்கே?)

2.

ரோஸ்விதாவின் அப்பா அந்த முள்வேலிக்குள் சூப் ஊற்றியவர். மேலாக மொண்டால் வெறும் தண்ணீர். அடிவரை விட்டு மொண்டால் இரண்டு துண்டு கிழங்கு வரும். அப்பா எப்படி மொண்டார்? மனுஷன் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐம்பது ஆண்டு கழித்து, அன்று இழுத்து வரப்பட்டவர்களை ஊர்க்காரர்கள் விருந்தாளிகளாக அழைத்தார்கள். மோத்ரியா என்கிற கிழவி ரோஸ்விதா வீட்டில் தங்கினாள். அவளிடம் கேட்டுவிட வேண்டும். கேட்டால் என்ன வருமோ என்று ரோஸ்விதா நாளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

(ரோஸ்விதாவுக்கு உவே என்றொரு கணவன் உண்டு. கதைக்கு உதவாததால் வாசலில் கார் கழுவ அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை, அவனுக்கும் அதுதான் வேலை.)

3.

மோத்ரியாவின் ஜெர்மன், காவலர்கள் கத்தியதைக் கேட்டே கற்றது. அதில் 'நீங்க' கிடையாது.

"ஏம்மா, நீ சாப்பிடாம என் வாயையே ஏன் பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க… அன்னைக்கு உங்களுக்கு சூப் ஊத்தினாரே ஒருத்தர், புறங்கையில தீக்காயத் தழும்போட…"

"தழும்புக்காரனா? அவன் உனக்கு என்ன வேணும்?"

"எங்கப்பா."

(ஒரு வரைவில் மோத்ரியா இங்கே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். நீங்களும் மெச்சியிருப்பீர்கள். ஆனால் அவள் போகவில்லையே, நான் என்ன செய்ய?)

"அடிப்பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! அடிவரைக்கும் விட்டுத்தான் மொள்ளுவான். காவக்காரன் பாத்தா மட்டும் மேலாப்புல. நிமிந்து பாத்தா அடி விழும், அதான் அவன் மூஞ்சி தெரியாது. அந்தக் கைய மறப்பேனா?"

ரோஸ்விதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கைத்துண்டில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். அவ்வளவு சுகமாக அவள் அழுததே இல்லையாம்.

4.

இங்கேயே முடித்திருப்பேன். மோத்ரியா விடவில்லை.

"நாங்க வரிசைல முன்னால நிப்போம், அதான் கெழங்கு கெடச்சுது. கடைசில நின்ன பிள்ளைங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அவளுங்க வந்திருந்தா வேற கதை சொல்லுவாளுங்க. ஒருத்தியும் வரல பாரு."

"அப்போ எங்கப்பா…?"

"உங்கப்பன் கையில இருந்தது கரண்டி. அண்டாவ நெறப்பாதவன் ஆலை முதலாளி. அவன் மகள் என்னைச் சாப்பிடக் கூப்பிடல."

முடிவு ஒன்று: இருவரும் கட்டிக்கொண்டு… (சீ, வேண்டாம்.)

முடிவு இரண்டு: கடைசியில் நின்ற ஒருத்தியின் வீட்டைத் தேடி ரோஸ்விதா உக்ரைனுக்கு… (போகவில்லை. போவதாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.)

நடந்தது இவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சூப் ஊற்ற ரோஸ்விதா எழுந்தாள். மோத்ரியா கரண்டியைப் பிடுங்கி, பானையை அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு, "தட்ட நீட்டு" என்றாள். ரோஸ்விதா நீட்டினாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது பார்த்து, நான் வெளியே அனுப்பிய உவே ஈரக் கையோடு உள்ளே வந்தான்.

"எனக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

இருந்ததா என்று ரோஸ்விதா என்னிடம் சொல்லவில்லை. நீங்களே பானையை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.