பதினோராம் எண் வீடு

செண்பகவல்லி எட்டாம் வகுப்போடு நின்றவள். வாய்ப்பாடு ஒப்பிக்க எழுப்பிவிட்டால் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனசுக்குள் பிசகாமல் சொல்லிவிடுவாள்; சத்தம் மட்டும் வெளியே வராது. அப்படிப்பட்டவளிடம்தான் அவள் கணவன் தாணுமாலையன் அறுபது படிவங்களைக் கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வரச் சொன்னான்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம். தாணுமாலையன் கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளன். ஜூலையில் முதல் வருஷம் சேருகிற பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு புள்ளியியல் அறிமுகப் பாடம் ஆரம்பிக்கப்போகிறார்கள், திட்டத்தை நீரே போட்டுக் கொண்டுவாரும் என்று துறைத்தலைவர் நேசையன் சொல்லியிருந்தார். பதினாலு வாரம். மே மாதம் பதினாலாம் தேதி, திங்கட்கிழமை, கமிட்டி கூடும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேசினான். இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் போடுகிற கணக்கெல்லாம் எங்கேயோ இங்கிலாந்தில் ஒரு ஜில்லாவில் ஏக்கருக்கு எவ்வளவு பார்லி விளைந்தது என்றுதான் இருக்கிறதாம். பார்லி எப்படி இருக்கும் என்று ஒரு பையன் கேட்டதற்கு, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பார்களே அதுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டானாம். "இனிமே நம்ம தெருக் கணக்காக்கும் பாடம்" என்றான்.

அவர்கள் குடியிருந்தது ஆரியசாலைக் கடைத்தெருவில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே. மூட்டை இறங்குகிற நாளில் மாடியில் எல்லோரும் தும்முவார்கள். மண்டிக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் முகப்பில் கடைக் குமாஸ்தாக்களின் பத்து வீடுகள். அதற்கப்புறம் கடைசிவரை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டின லைன் வீடுகள், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்தும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் சுமை தூக்க வந்தவர்கள். எல்லோருக்குமாக ஒரே ஒரு குழாய். மொத்தம் அறுபது வீடு. பாடத்துக்கு அறுபது போதும்.

படிவத்தில் பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். கேள்வி ஐந்து. வீட்டில் எத்தனை பேர். வீட்டுக்காரிக்கு என்ன வயது. ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர். பிறந்த பிள்ளைகள் எத்தனை. இருக்கிற பிள்ளைகள் எத்தனை.

"நான் போனா கார்ப்பரேஷன்காரன்னு கதவைச் சாத்திருவா. நீ போனா உள்ள விளிச்சு உக்கார வைப்பா, கேட்டோ" என்றான் தாணுமாலையன். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் அவளிடம் ஒன்று கேட்பது அபூர்வம். காப்பி கேட்பதெல்லாம் கணக்கில் வராது.

அவன் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன பிறகு அவள் இறங்குவாள். முகப்பு வீடுகள் பத்தையும் முடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு வாசலிலும் கேள்வியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் குமாஸ்தா வீட்டுப் பெண்கள் மோர் கொடுத்தார்கள், கேட்காததையும் சொன்னார்கள். நான்கு வீட்டில் ஒவ்வொரு பிள்ளை தவறியிருந்தது. "ஒண்ணு போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். அவளும் எழுதிக்கொண்டாள்.

பதினோராம் எண் மாடம்மாளின் வீடு. லைன் வீடுகளில் முதலாவது. அவள் புருஷன் மண்டியில்தான் மூட்டை தூக்குகிறான். மாடம்மாள் கூடைப் புளியை மடியில் வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர், எத்தனை குடம் என்பதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். வயதுக்கு, "முப்பதுன்னு போடு. நாப்பதுன்னாலும் போடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதும் கை நின்றது.

"ஆறு பெத்தேன் தாயி. மூணு கெடக்கு."

செண்பகவல்லி எழுதினாள். பென்சில் தாளில் கிறீச்சிட்டது இரண்டு பேருக்கும் கேட்டது.

"கடைசி ஒண்ணு போன தை மாசந்தான். பாலு குடிச்சுக்கிட்டே போயிட்டு" என்ற மாடம்மாள், தாளை எட்டிப் பார்த்தாள். "இதை உங்க வீட்டுக்காரரு என்ன செய்வாரு? கூட்டுவாரா, கழிப்பாரா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செண்பகவல்லி படிவத்தை மடித்தாள். "கேட்டுச் சொல்லுதேன்" என்று முனகிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் சந்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள், "எத்தனை ஆச்சு?" என்று தாணுமாலையன் கேட்டபோது, "இருபது" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொல்லிவிட்ட பிறகு இருபதைக் காட்ட வேண்டும் அல்லவா? அடுக்களையில் உட்கார்ந்து, பன்னிரண்டாம் எண் என்று போட்டு எழுத ஆரம்பித்தாள்.

அவளை அதிகமாக வாட்டியது எதுவென்றால், அது அவளுக்குப் பிடித்துப்போனதுதான். பதினேழாம் எண்ணில் முப்பத்தொரு வயதுக்காரி ஒருத்தியை வைத்தாள், நாலும் பெண். இருபத்துமூன்றாம் எண்ணில் ஒரு மாமியாரும் இரண்டு மருமகள்களும்; தண்ணீருக்குச் சண்டை போட்டு நாளைக்குப் பதினாலு குடம். ஒரே வயது திரும்பத் திரும்ப வந்தால் பொய் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து இருபத்தேழு, முப்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டாள். நிஜமாகக் கேட்டுப் போனபோது வராத தைரியமெல்லாம் அப்போது வந்தது. ஐந்தாவது கேள்வியில் மட்டும் கை ஓடாது. பிறந்த பிள்ளைகள் ஐந்து என்று எழுதினால், இருக்கிற பிள்ளைகளும் ஐந்து என்றே எழுதும். தான் உண்டாக்கின பிள்ளையைத் தானே எப்படிக் கொல்வது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டே இரண்டு வீட்டில் ஒவ்வொன்றைக் குறைத்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி நாற்பத்தொன்பது வீடு.

தாணுமாலையன் படிவங்களை வாங்கிக் கட்டம் போட்ட தாளில் கோடு கிழிக்க ஆரம்பித்தான். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. சாயங்காலங்களில் அவன் முகத்தில் கல்யாணத்தன்றைக்குக்கூட இல்லாத களை இருந்தது. "எல்லாவளும் வயசு கேட்டா முப்பது, நாப்பது, அம்பதுன்னு முழுசாத்தான் சொல்லுவா. நீ எப்படியோ சரியான வயசை வாங்கிட்டு வந்திருக்கே பிள்ளே" என்று மெச்சினான். அவள் அடுப்பை ஊதப் போனாள்.

முதல் வாரம் கணக்கே கிடையாது. ஒருவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதுதான் பாடம். இரண்டாவது வாரம் அட்டவணை. மூன்றிலும் நான்கிலும் குடத்தை வைத்துச் சராசரி. பிற்பாடு வீட்டில் ஆள் கூடினால் குடம் கூடுகிறதா என்று ஒரு பாடம். முகப்புத் தாளில், விவரம் சேகரித்தவர் ஸ்ரீமதி செண்பகவல்லி என்று போடப்போவதாகச் சொன்னான். வேண்டாம் அத்தான் என்று அவள் கெஞ்சினாள். வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கமிட்டிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஸ்டென்சிலுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களோடு அவன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். ஐந்தாவது வாரப் பாடம் அருமையாக அமைந்துவிட்டதாம். மற்றதோடு ஒட்டாமல் ஒற்றையாக நிற்கிற எண்ணை என்ன செய்வது என்பது அந்த வாரப் பாடம். அதற்கு உதாரணம் கிடைக்காமல் தவித்தானாம். படிவத்திலேயே ஒன்று இருந்திருக்கிறது.

"மொத்தம் இருநூத்தி முப்பத்தொண்ணு பிறந்திருக்கு. ஒம்பதுதான் தவறியிருக்கு. அதுல மூணு ஒரே வீட்டுல. பதினோராம் நம்பர். இது நடக்கக்கூடிய காரியமில்லை, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தாளைப் படித்தான். பதினோராம் எண் வீட்டின் விடை நம்பத் தகுந்ததல்ல. கேட்டவரோ சொன்னவரோ தவறியிருக்கலாம். அதை நீக்கிவிட்டு மற்ற ஐம்பத்தொன்பதையும் கணக்கிடுக. "நீ பதறாதே செண்பகம். அறுபதுல ஒண்ணு தப்பா கேட்டா சாரமில்லை, போகட்டும்."

துருவியில் விரல் பட்டுக் கீறியது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மாடம்மாளின் வீட்டு வாசலும், நின்றுபோன அந்தப் புளிக்கையும் கண்முன் வந்தன. செத்த பிள்ளைகளை இரண்டாம் தடவையாகத் தான் அல்லவா இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

"அது தப்பில்லை அத்தான்."

"தப்பில்லைன்னா?"

"அது நிஜம். பன்னெண்டுல இருந்து அறுபது வரைக்குந்தான் தப்பு. நான் அங்கயெல்லாம் போகலை. இங்க இருந்து எழுதினேன்."

தாணுமாலையன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்து போய்ப் படிவக் கட்டை எடுத்து வந்து தரையில் பரப்பினான். எது எது நிஜம் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினோரு தாள் மடங்கி, வியர்வை பட்டு, ஓரம் அழுக்கேறிக் கிடந்தன. ஒன்றில் மோர்க் கறை. மற்ற நாற்பத்தொன்பதும் கடையில் வாங்கினபடியே வெள்ளையாக இருந்தன.

"நான் தொகையைப் பார்த்தேன். தாளைப் பார்க்கலை" என்றான். ஒரு வெள்ளைத் தாளைக் கையில் எடுத்து, "எட்டாங் கிளாஸ் படிச்சவ ஒரு டிபார்ட்மென்டையே ஏமாத்திட்டியே" என்றான். அது பாராட்டா திட்டா என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது. அவள் அழுதாள். அவன் தேற்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவன் மெதுவாக ஆரம்பித்தான். திங்கட்கிழமை கமிட்டி. யார் லைன் வீட்டில் வந்து கேட்கப்போகிறார்கள்? பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத்தானே வேண்டும், பொய் எண்ணானாலும் கூட்டல் கூட்டல்தான். அவன் அவளைப் பார்க்காமல் சந்தைப் பார்த்துப் பேசினான். தான் ஒருமுறை தலையாட்டினால் போதும் என்று செண்பகவல்லிக்குப் புரிந்தது. அவன் காத்துக்கொண்டிருந்ததும் அதற்குத்தான்.

"மாடம்மாக்காவை வெட்டினாத்தானே அந்தக் கணக்கு நேராவுது?" என்றாள்.

அவன் தரையில் கிடந்த படிவங்களைப் பொறுக்கிக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் பேசின வார்த்தை இரண்டு: உப்பு, குடை.

திங்கட்கிழமை சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டான். நடந்ததைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதும் நேசையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அடுத்த வருஷம் பார்ப்போம், இந்த வருஷத்துக்குப் பழைய பார்லியே இருக்கட்டும் என்றாராம். இன்னொரு தடவை தாணுமாலையனை நம்பி ஒரு பாடத்தைக் கொடுப்பாரா என்பதை அவர் சொல்லவும் இல்லை, இவன் கேட்கவும் இல்லை.

"காரணம் என்ன சொன்னிய அத்தான்?" என்று கேட்டாள்.

"படிவத்தைச் சரிபார்க்காம விட்டுட்டேன்னு சொன்னேன்."

"நான் செஞ்சதைச் சொல்லலையா?"

"சொல்லி?"

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பேரைச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் தலையில் ஏறிவிட்டதை இனி அவள் எப்படி இறக்கிவைப்பது?

மறுநாள் அவன் முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மீதியிருந்த வெற்றுத் தாள்களில் அவள் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து பார்த்தான். பன்னிரண்டு என்று எண் போட்டிருந்தாள். "இனி எதுக்கு? பாடந்தான் இல்லைன்னு ஆயிட்டுல்லா" என்றான். அவள் அடுத்த கோட்டைப் போட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான்.

சந்தில் வெயில் ஏறியிருந்தது. மாடம்மாள் வாசலில் நின்று ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்தாள்.

"சார் வீட்டம்மா, கணக்கு இன்னும் முடியலையாக்கும்?"

"முடியலைக்கா. இந்த லைன்ல உங்களதை மட்டுந்தான் சரியா எழுதியிருந்தேன்" என்றாள் செண்பகவல்லி. மாடம்மாளுக்கு அது புரிந்திருக்காது. என்றாலும் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டி உலகம்மா, வெளியே வா. எத்தனை கொடம் தண்ணி குடிக்கேன்னு கேக்க வந்திருக்காவ. கூட்டிச் சொல்லாதே."

உலகம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். செண்பகவல்லி அந்த வீட்டுக்கு எழுதிவைத்திருந்தது முப்பத்தாறு வயது. நின்றவளுக்கு இருபதுகூட இருக்காது. வீட்டில் மூன்று பேர். நான்கு குடம், குழாயில் வந்தால். வயது அம்மாவுக்குத்தான் தெரியும், அம்மா ஊரில் இருக்கிறாள்.

"பிறந்த பிள்ளைகள்?" சத்தம் வந்தது, சின்னதாக.

"ரெண்டு."

செண்பகவல்லி எழுதினாள். உள்ளே தொட்டில் ஆடுகிறதா என்று பார்க்கவில்லை. பேனாவை ஐந்தாவது கட்டத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடுத்ததைக் கேட்டாள். உலகம்மாள் மாடம்மாளைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவளாகச் சொல்லுகிற வரைக்கும் செண்பகவல்லி அந்த வெயிலிலேயே நின்றாள்.