ரீபே நகரமும் ஒரு பொன்னாடையும்

மாநகரங்கள் மாவீரர்களின் வாள்முனையில்தான் பிறக்கின்றன என்று மெல்பேர்ண் தமிழன்பர் சங்கத் தலைவர் மகேந்திரராஜா முழங்கினார். அதற்குச் சான்றாக அவர் இழுத்து வந்த டென்மார்க்கின் ரீபே நகரமோ சந்தையாகத் தொடங்கியது. சீப்புச் செய்கிறவர்கள், கண்ணாடி மணி செய்கிறவர்கள், மாட்டு வியாபாரிகள் கூடிய சேற்றுச் சந்தை.

சிவனேஸ்வரிக்கு அது தெரியும். 1973 கோடையில் அங்கே நடந்த அகழ்வில் முழங்காலில் நின்று மண் கிண்டியவள். நாலு வருஷம் கழித்து, அதைப் பற்றிப் பேசத்தான் மல்கிரேவ் மண்டபத்துக்கு அவளை அழைத்திருந்தார்கள். தோளில் பூச்சி உருண்டை மணக்கும் பொன்னாடையோடு கதிரையில் காத்திருந்தாள். வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் தலைவரே. அறிமுகவுரையில் அவளுடைய பெயர்தான் வரவில்லை.

செயலாளர் ரஞ்சினி குனிந்தாள். "அக்கா, சுருக்கமாச் சொல்லுங்கோ. வடை ஆறுது."

சிவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"தலைவர் சொன்னது முழுப் பிழை. அங்க நாங்கள் வாள் ஒண்டும் காணேல்லை. கிண்டக் கிண்டச் சாணி. சந்தைக்கு வந்த மாடுகள் போட்டது, படை படையாக் கிடந்தது. அதுக்கு மேலதான் அந்த ஊர் எழும்பினது."

மகேந்திரராஜாவின் முகம் கறுத்தது. பிறகு, யாரோ சுவிட்சைப் போட்டதுபோல், வெளித்தது. மைக்கை வாங்கினார்.

"சாணித் தரை. கேட்டியளோ? உலகத்தில சாணியால நிலம் மெழுகிற சனம் ஆர்? சபையோரே, ரீபே தமிழன் கட்டின நகரம்."

கைதட்டல் ஓயவில்லை.

"ஒருத்தரும் மெழுகேல்லை. மாடு போட்டது," என்றாள் சிவனேஸ்வரி.

"போட்டதை அள்ளி மெழுகினது ஆர், பிள்ளை?"

"மெழுகேல்லை எண்டு சொல்லுறன்."

"பிள்ளைக்கு அடக்கம்," என்று சபைக்கு விளக்கினார். டென்மார்க் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

"உங்களுக்குச் சொன்னதை அந்த மாடுகளுக்குச் சொல்லியிருக்கலாம். இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி விறுவிறென்று நடந்தாள். பின்னால் ரஞ்சினி மூச்சு வாங்க ஓடி வந்தாள். மானமுள்ள ஒருத்தியாவது உள்ளே இருந்திருக்கிறாள்.

"நீர் மன்னிப்புக் கேக்காதையும், ரஞ்சினி. பிழை உம்மில இல்லை."

"அதுக்கில்லை அக்கா. பொன்னாடை."

சங்கத்திடம் இருந்தது அந்த ஒன்றுதான்.