வலது கையில் சூடம்

சூடம் ஏந்திச் சத்தியம் செய்வது வலது கையில்தான், எல்லையம்மன் கோயில் வாசலில் அது மாறாது என்று குப்பத்துத் தலைவர் சுப்புராஜ் சொன்னபோது, அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது மங்கம்மாவுக்கு.

"இடது கையில குடுங்க மாமா. எங்க ஆளுக்கு வலது கை அது பாட்டுக்கு ஆடிக்கினு கீது."

"ஆடுதுன்னுதானே பஞ்சாயத்தே" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

அவள் புருஷன் தாமோதரன் காசிமேட்டில் சவரிநாதனின் மீன்பிடி லாஞ்சுக்கு டிரைவர். எண்ணூருக்கு நேரே கடலடியில் ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடப்பது அவனுக்குத் தெரியாததல்ல. அன்றைக்குத் திருப்ப வேண்டிய நேரத்தில் கை பிந்திவிட்டது. வலை அதில் மாட்டிக் கிழிந்து போயிற்று. குடித்துவிட்டு ஓட்டினான் என்றார் சவரிநாதன். கை நடுங்குகிறது, கால் இழுக்கிறது, பேச்சு வாய்க்குள்ளேயே நிற்கிறது. ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மகள் ரேகா பிறந்தபோது குடியை விட்டவன் அவன். அவளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. மணலிப் பக்கத்து ஆலைக் காற்று நாறி ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாளில்கூட, கொஞ்ச காலமாக அவன் ஒன்றும் தெரியாமல் சோறு தின்றுகொண்டிருந்ததை மங்கம்மா கவனித்திருந்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சூடத்தைக் கொளுத்தி அவன் உள்ளங்கையில் வைத்தார்கள். குடிக்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கை உதறிற்று. சூடம் மணலில் விழுந்தது. அம்மனே சொல்லிவிட்டாள் என்றார்கள். எந்தப் படகிலும் அவனை ஏற்றக் கூடாது என்று ஊர்க்கட்டு போட்டார்கள்.

மங்கம்மா அவனை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடக்கச் சொன்னார்கள், விரலைத் தட்டச் சொன்னார்கள். பார்க்கின்சன், மூளையில் வரும் நோய், மூக்குக்கு வாசனை தெரியாமல் போனதும் அதனால்தான், இப்போதுதான் ஆரம்பம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை சுப்புராஜ் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டு யார் வேண்டுமானாலும் எழுதுவான், கண்ணால் காட்டு என்றார்.

காட்ட ஒரு வழி இருந்தது. மாத்திரையே தொடாத புது நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தாமோதரனுக்கும் ஊசி போட்டு, வளையம் போன்ற மிஷினுக்குள் தலையை வைத்துப் படுக்கவைத்தார்கள். முடிந்ததும் மங்கம்மா படத்தைக் கேட்டாள். ஆராய்ச்சிப் படம் நோயாளிக்கு இல்லை என்றார் பெரிய டாக்டர், தலை நிமிராமல்.

"எங்க ஆளு தலைக்குள்ள இருந்து எட்த்ததுதானே சார்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாத்திரை போட்டதும் கை கொஞ்சம் அடங்கிற்று. அதுவும் வினையாயிற்று. "பாத்தியா, குடிய வுட்டான், கை நின்னுச்சு" என்று டீக்கடையில் அவன் காதுபடவே சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஒரு விடியற்காலையில் யாருடையதோ கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனான். திருவொற்றியூர் கரைத் தடுப்புக் கற்களுக்கிடையில் அவன் உடலை எடுத்தார்கள்.

ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டியிருந்த இரண்டாவது படத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ரேகாவின் செல்லுக்குப் போன் வந்தது. மங்கம்மா அதைப் பிடுங்கி, நெஞ்சிலிருந்த அத்தனையையும் கத்தித் தீர்த்தாள். அந்தப் பக்கம் பேசியவள் ரமாபாய், எம்.கே.பி. நகர்ப் பெண், மிஷினை ஓட்டுகிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கருமாதி என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். யாரிடமும் சொல்லாமல் படத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கு வந்து நின்றாள்.

மங்கம்மா கருமாதித் தட்டோடு அவளைக் கோயில் வாசலுக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஊரார் முன் சுப்புராஜ் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் மங்கல், இன்னொரு பக்கம் செக்கச் செவேலென்றிருந்தது.

"நல்லா பளபளன்னுதானே கீது. நோவு எங்க?"

அந்தப் பளபளப்புதான் நோய் என்றாள் ரமாபாய். கை கால் சொன்னபடி கேட்க மூளைக்குள் ஒரு ரசாயனம் சுரக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஏற்பிகள் உண்டு. சுரப்பு குறையத் தொடங்கும்போது, கிடைப்பதையாவது பிடிக்கலாம் என்று ஏற்பிகள் பெருகுகின்றன. பசித்த குஞ்சுகள் வாயைத் திறந்து வைத்திருப்பது போல. இடப்பக்க மூளையில்தான் அப்படி. அது ஆட்டிவைப்பது வலது கையை. இடது கைக்கு அப்போது ஒன்றும் இல்லை.

சவரிநாதன் செருப்பைத் தேடினார். சுப்புராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊர்க்கட்டை எடுத்துவிடலாம், தாமு பேருக்கு இனி ஒரு குறையும் இல்லை என்றார்.

"செத்தவன எந்த லாஞ்சில ஏத்தப் போறீங்க மாமா?"

மங்கம்மா கருமாதித் தட்டிலிருந்து ஒரு சூடத்தை எடுத்துக் கொளுத்தி அவர் முன் நீட்டினாள்.

"எங்க ஆளு குடிச்சத உன் கண்ணால பாத்தியா? வலது கையில வாங்கிச் சொல்லு."

சுப்புராஜின் கை மேலே வரவில்லை. வேட்டி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. சவரிநாதனைப் பார்த்தாள். அவர் கூட்டத்துக்குப் பின்னால் போயிருந்தார். சூடம் விரலைச் சுட்டது. அவள் உதறவில்லை. குனிந்து கோயில் படிக்கட்டில் அதை வைத்தாள். அது அங்கே ஆடாமல் எரிந்தது.

"இந்தக் கல்லு மட்டுந்தான் இங்க யோக்கியம், இல்ல?" என்றாள்.

பிறகு ரமாபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட வா என்று வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஊராரின் கருமாதிச் சாப்பாட்டுக்காக விரித்திருந்த பாய்களைச் சுருட்டிவிடும்படி ரேகாவிடம் சொன்னாள்.