சுகர் என்று சொல்லியிருந்தார்கள்

அம்மாவின் ரவிக்கைக் கொக்கியில் கை வைத்த பக்கத்து வீட்டுக்காரியின் மணிக்கட்டைக் கல்பனா இறுகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டி, பலகைமேல் அம்மாவின் உடலைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

“நீங்கல்லாம் வெளிய இருங்க. எங்கம்மாவ நானே குளிப்பாட்டிக்கிறேன்.”

“ஒண்டியா எப்டிமே முடியும்? கனக்கும்.”

“முடியும். போங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த வெங்கடலட்சுமி அத்தை, கல்பனா நைனா என்று கூப்பிடும் அப்பாவின் அக்கா, அவர்களை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். “புள்ள ஆசப்படுது, உடுங்க. தூக்கிப் புடிக்க நான் ஒருத்தி இருக்கறேன்.”

அத்தையையும் போகச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் தலை ஏற்கெனவே ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. கல்பனா கொக்கிகளைக் கழற்றினாள். இடப்பக்க ரவிக்கைக்குள் வைத்திருந்த சிறிய துணிப்பை வெளியே வந்தது. கடுகு நிரப்பிய பை. அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சொம்பைக் குடத்துக்குள் விட்ட அத்தை அப்படியே நின்றாள். அம்மாவின் இடது மார்பு இருந்த இடம் தட்டையாக இருந்தது. அக்குளிலிருந்து நெஞ்செலும்புவரை சாய்வாக ஒரு தழும்பு.

“இன்னாமே இது?”

“கேன்சர் அத்தே. ஆறு வருஷமாச்சு. திருப்பதில எடுத்துட்டாங்க.”

“சுகருன்னுதானே சொன்னீங்க.”

“சுகரும் இருந்துச்சு.”

கல்பனாவுக்கு ஒரு நல்ல இடம் அமையும்வரை வெளியே தெரியக் கூடாது என்று அம்மாதான் சொல்லியிருந்தாள். ‘தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லுவாங்க. எவன் வருவான்?’ என்றாள். ஆபரேஷனுக்காக மூன்று வாரம் திருப்பதியில் இருந்தபோது, சுகரில் காலில் புண் என்று நைனா ஊரில் சொன்னார். மருந்து ஏற்றி முடி கொட்டியதும், திருமலையில் மொட்டை போட்டதாகச் சொன்னார்கள். அதை யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. கல்பனா கல்யாணமாகி, சத்தியவேட்டுக்குப் போய், தடா பக்கம் கம்பெனி வேலையிலும் சேர்ந்தாள். அதன் பிறகும் அம்மா சொல்லவில்லை. மறைத்து மறைத்து அதுவே பழக்கமாகிவிட்டது.

கேன்சர் மாத்திரை போட்டாச்சா என்று கல்பனா தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணிக் கேட்பாள். சுகர் மாத்திரையை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மருந்துச் சீட்டு எங்கே இருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. போன சித்திரையில் திருப்பதி டாக்டர் எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, “இனி பயமில்ல பொன்னியம்மா” என்றபோது அம்மா ஆஸ்பத்திரி வாசலில் ரெண்டு முழம் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை அம்மா போனில், முதுகு வலிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். கேன்சர் எலும்புக்கு வந்துவிட்டதோ என்று கல்பனா பயந்தாள். லீவு போட்டு ஓடிவந்தாள். சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நைனா கேட்டார். “அங்க போய் இன்னா பண்றது? நம்ம டாக்டரு திங்கக்கெழம இருப்பாரு, திருப்பதிக்கே போலாம்” என்று கல்பனாதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பல் விளக்கிக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். சித்தூருக்குக் கொண்டு போனபோது மூச்சு இல்லை. அங்கிருந்த டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, சுகர்காரர்களுக்கு நெஞ்சு வலி இப்படி முதுகில்கூட வரும் என்றார். அன்றைக்கே வந்திருக்கலாமே என்றும் கேட்டார்.

“வேற நெனப்புல இருந்துட்டேன் அத்தே,” என்றாள் கல்பனா.

அத்தை அம்மாவின் தோளில் தண்ணீரை ஊற்றினாள். தழும்பின்மேல் மஞ்சளைப் பூசும்போது அவள் விரல்கள் மெதுவாகப் போயின.

“இன்னாக்கா, இவ்ளோ நேரம்?” வெளியிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“தலைக்கு ஊத்திக்கினு கீறோம், இருங்கடி!” என்று அத்தை சத்தம் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மொதல்ல எப்டித் தெரிஞ்சுது இவளுக்கு?” என்றாள்.

“குளிக்கறப்போ கையில தட்டுச்சாம். பட்டாணி மாதிரி.”

“வலி?”

“வலியே இல்லியாம். அதனாலதான் ஒரு வருஷம் சும்மா இருந்துட்டாங்க.”

அத்தை தலையை ஆட்டினாள். இருவருமாக ரவிக்கையை மாட்டிப் புதுச் சேலையைச் சுற்றினார்கள். கல்பனா இடுப்பிலிருந்த பையை எடுத்து ரவிக்கைக்குள் பழைய இடத்தில் வைத்தாள். அது நேராக உட்காரவில்லை. அத்தை கையை விட்டுச் சரி செய்தாள்.

வாசலில் பஞ்சாயத்து செக்ரட்டரி வந்து நின்று, எதனால் சாவு என்று தெலுங்கில் கேட்டார். நைனா வாயைத் திறந்தார். ஆறு வருஷமாக யார் கேட்டாலும் தடுமாறாமல் சொன்ன சொல். அன்றைக்கு அது வரவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “சுகர். ஹார்ட்டுக்கு வந்துடுச்சு,” என்று கல்பனா சொன்னாள்.

மறுநாள் காலை, பால் ஊற்ற ஆண்கள் ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். அத்தை தன் வீட்டிலிருந்து ரசமும் சோறும் கொண்டுவந்து இரண்டு தட்டில் போட்டாள். ஒன்றைக் கல்பனாவிடம் தள்ளினாள்.

“துன்னு. நேத்துலருந்து பச்சத்தண்ணி படல ஒன் வாயில.”

கல்பனா ஒரு வாய் எடுத்தாள். அத்தை சாப்பிடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திருப்பதிக்குக் காலைல பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா?”

கல்பனா நிமிர்ந்தாள். அத்தை முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

“எத்தினி நாளா அத்தே?”

“தை மாசத்துலருந்து.”

வெளியே ஏரிக்கரை பக்கமிருந்து ஆண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

“ஆறே முக்காலுக்கு,” என்றாள் கல்பனா. “புத்தூர்ல எறங்கி மாறணும். நானும் வர்றேன்.”

அத்தை சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.