தூக்காமல் நின்றவர்கள்

மண்டியில் மூட்டை தூக்கும் எங்கள் நால்வருக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால், அவன் பங்கையும் மற்ற மூவர் கேட்காமலே சுமந்துவிடுவோம். பக்கவாதம் வந்து என் வலது கையும் காலும் விழுந்தபோது அந்த நல்ல வழக்கம்தான் என்னை முடக்கப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா மூன்றாம் நாளே பிரஷர் பார்த்துவிட்டு என்னை உட்கார வைத்தார். மறுநாள் நிற்க வைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, "தினம் நூறு தடவை உக்காந்து எழுந்திரிக்கணும். படி ஏறணும். ஆரம்பத்துல விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றார்.

எங்கள் அறை மாடியில், பதினாலு படி. கழிப்பறை கீழே, ஐந்து குடித்தனத்துக்கும் பொது. தையல் கம்பெனியில் என் மனைவிக்குப் பத்து நாள்தான் லீவு. அதற்குள் நான் தனியாக இறங்கி ஏறாவிட்டால் அவள் வேலை போய்விடும். இப்போது வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான்.

ஆனால் நடந்தது வேறு. காலையிலும் மாலையிலும் எங்கள் நால்வரில் இருவர், என் மைத்துனனும் நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடும் நெட்டையனும், வந்து என்னை அலுங்காமல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் மாப்பிள்ளை மாதிரி போய் வந்தேன். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குள்ளும் அப்படியே சுமந்து போனார்கள்.

"எத்தனை படி ஏறுனீங்க?" என்றார் பயிற்சி அம்மா.

"நான் எங்க ஏறினேன், இவங்க ஏத்துனாங்க."

அவர் அவர்கள் பக்கம் திரும்பினார். "அந்தக் கால் செய்ய வேண்டிய வேலைய நீங்க செஞ்சா, அதுக்கு எப்படிங்க வேலை ஞாபகம் வரும்? பக்கத்துல நில்லுங்க. விழுந்தா மட்டும் பிடிங்க."

அன்று மாலையே மைத்துனன் மண்டியிலிருந்து உமி அடைத்த சாக்குகளைக் கொண்டுவந்து நாலடுக்காகப் போட்டான். அதில் உட்கார்ந்து எழ வேண்டும். சுலபமானதும் ஒரு சாக்கை உருவிவிடுவான். எழுபதுக்கு மேல் தொடை நடுங்கும்.

"போதும்டா, பாவி."

"எழுபத்தொண்ணு, மாமா. மண்டியில இப்படிக் கணக்குல ஏமாத்துனா விட்ருவியா?"

படிக்கட்டில் பிடிமானம் இல்லை. லாரியில் சரக்குக் கட்டும் வடத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் ஏறும்போது ஆறாம் படியில் வலது முழங்கால் மடங்கியது. ஒட்டகம் கையை நீட்டிவிட்டான். மைத்துனன் அதில் ஓர் அடி போட்டான்.

"தொடாதடா! மாமா வடத்தப் பிடிச்சிருக்காரு."

ஒட்டகத்துக்குக் கண் கலங்கியது. எனக்கு வாயில் வராத வசவெல்லாம் வந்தது. திட்டிக்கொண்டே காலை ஊன்றினேன். அது நின்றது. மீதி எட்டுப் படியும் ஏறினேன்.

பதினோராம் நாள் காலை மனைவி வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள்.

"போடி, பஸ் போயிடும்."

அவள் போனபின் வடத்தைப் பிடித்துத் தனியாகவே இறங்கினேன். வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால், தெருமுனையில் என் கூட்டாளிகள் மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"மண்டிக்குப் போகலையாடா?"

"டீ குடிக்க நின்னோம்" என்றான் ஒட்டகம்.

எங்கள் தெருவில் டீக்கடையே கிடையாது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று மெதுவாகவே படியேறினேன்.